தராசு பழுது

பொருட்காட்சி ஆறு நாள்.
ஐந்து நாள் வெள்ளைக்காரர்களுக்கு.
ஆறாம் நாள்,
பரிசுக் கன்றுகள் லாரியேறிப் போய்
அவற்றின் சாணம் மட்டும் மிஞ்சியிருக்கையில்,
ஒசெல்லாவின் வீட்டார் போன்றவர்களுக்கு.

ஜார்ஜியாவின் செம்மண் பாதையில் பதினோரு மைல்.
கோவேறு கழுதை இழுத்த வண்டியில்
வைக்கோல் பரப்பி, பழைய போர்வை சுற்றி,
காய்ச்சல்காரரைக் கொண்டுபோவதுபோல்
கொண்டுபோனார்கள் பூசணிக்காயை.
குலுங்கும் இடத்திலெல்லாம்
ஒசெல்லா அதைக் கட்டிக்கொண்டாள்.
தம்பி க்ளியோடஸ் அதன்மேல் உட்காரப் பார்த்தான்.
அடி வாங்கினான்.

பருத்திக்குப் போக மிஞ்சிய மூலையில்
மே மாதம் முளைத்தது அது.
பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அதற்குத்தான்.
மற்றப் பிஞ்சுகளை அவளே கிள்ளி எறிந்தாள்,
ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டு.
ஆகஸ்டில், சுற்றிப் பிடிக்க
அவள் கைகள் போதவில்லை.

கொட்டகையில், நீல ரிப்பன் கட்டிக்கொண்டு
இன்னொரு பூசணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.
அறுபத்தெட்டு ராத்தல் என்றது அட்டை.
அடிப்பக்கம் அழுகத் தொடங்கியிருந்தது.

"நிறுத்துப் பார்க்கலாங்களா, ஐயா?"
அப்பாவின் தொப்பி கையில் இருந்தது.
வீட்டில் அவர் பேசாத குரல்;
டவுனுக்கு வரும்போது மட்டும்
சட்டைப்பையில் போட்டு எடுத்து வருவது.

ஹாஸ்கியூ துரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
"தராசு பழுது, லான்ஸோ."
சொல்லிவிட்டு
அதே தராசின் தட்டில் முழங்கையை ஊன்றினார்.
முள் எழுந்தது.
ஒன்பதைத் தொட்டு நடுங்கியது.

ஒசெல்லா பார்த்தாள்.
அப்பா பார்த்தார்.
அவர்கள் பார்த்ததைத் துரையும் பார்த்தார்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
நிறையச் சோறு வேண்டும்.
துரைக்கு முழங்கையே போதும்.

"அந்த முள்ளு..." என்று க்ளியோடஸ் தொடங்கினான்.
அம்மாவின் உள்ளங்கை வந்து அவன் வாயை மூடியது.
சோப்பு வாசம் வீசும் கை.
அதுவும் நடுங்கியது, முள்ளைப் போல.
"நன்றிங்க, ஐயா" என்றார் அப்பா.

திரும்பும் பதினோரு மைலும்
ராட்டினத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
ஒசெல்லாவுக்கு அப்பாமேல் கோபம்.
துரையிடம் போய்ச் சேர வேண்டிய கோபம்தான்;
டவுனில் இறங்க இடம் கிடைக்காமல்
வண்டியேறி அவர்களோடே வந்துவிட்டது.

மறுநாள், கோழிக்கூண்டின் அருகே,
விழுந்து கிடந்த பைன் மரத்தின்மேல்
ஒரு பலகையைக் குறுக்கே போட்டாள்.
இரு பக்கமும் சமம்தானா என்று
நூல் பிடித்து அளந்தாள், மூன்று முறை.
ஏமாற்றினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.
யார் வந்து சொல்லப்போகிறார்கள்
என்பதை அவள் யோசிக்கவில்லை.

ஒரு முனையில் பூசணி.
மறுமுனையில் க்ளியோடஸ்,
போன வாரம் நர்ஸம்மா எழுதிய சீட்டின்படி
நாற்பத்தாறு ராத்தல்.
கணக்குத் தப்பக்கூடாதென்று
காலையில் அவனுக்குச் சாப்பாடு தரவில்லை.
மடியில் பிரிக்காத மாவு மூட்டை, இருபத்துநான்கு;
மூட்டையிலேயே அச்சடித்திருந்தது.
ஆக எழுபது.

பூசணி அசையவில்லை.
க்ளியோடஸ் அந்தரத்தில் கால் ஆட்டினான்.

அப்பா வயலிலிருந்து வந்தார். நின்றார்.
பலகையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்,
நெடுநேரம் மகளைப் பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
படியில் உட்கார்ந்து
கயிறு அவிழ்த்து, சேறு உதிராமல்
பூட்ஸைக் கழற்றினார்.
மகன் மடியில், மாவு மூட்டையின்மேல்,
இடது காலுடையதை வைத்தார்.
பிறகு வலது.

கல்யாண விருந்தில் நிறையச் சாப்பிட்ட
பெரிய மனிதர் நாற்காலியை விட்டு எழுவதுபோல்
முக்கி முனகி
எழுந்தது பூசணி.

க்ளியோடஸ் கூவினான்.
உடனே, பசிக்கிறது என்றான்.

பூட்ஸின் எடை யாருக்கும் தெரியாது.
கூண்டின் கதவில், அடுப்புக்கரியால்,
தெரிந்ததை மட்டும் எழுதினாள் ஒசெல்லா:

எழுபது ராத்தல்.
அதற்கு மேல், அப்பாவின் பூட்ஸ்.