ஊசித்துளை

ஒரு சூரியன் என்பது இங்கே ஓர் அலகு.
ஸெனான் விளக்கை மெல்லத் திருகி
சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் என்று நிறுத்தினால்
அதற்குப் பெயர் ஒரு சூரியன்.
ஜன்னலுக்கு வெளியே ஜூரோங் முழுக்கக்
கொட்டிக்கிடப்பது கணக்குக்கு உதவாது.
மேகம் வரும். பூன் லே பக்கம் இடித்தால்
ஐந்தாம் நிமிடம் இங்கே மழை.

வெளியே ஈரப்பதம் எண்பத்து நான்கு.
கண்ணாடிப் பெட்டிக்குள் நைட்ரஜன் மட்டும்.
கறுப்பு ரப்பர் கையுறைகள் இரண்டு
என்னை நோக்கி விறைத்து நிற்கும்,
கடன் கேட்பவன் கையைப் போல.
தோள்வரை நுழைத்துக்கொண்டுதான் வேலை.
நான் இழுக்கும் மூச்சு அதற்கு விஷம்.
ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டினால்
மணி அடிக்க வேண்டும்.
ஓயாமல் அடிக்கிறதென்று
போன வருஷமே யாரோ அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.
யாரோ இல்லை, நான்தான்.

மூன்றாம் மாடியில் ஹிடாயா
ஆறு வாரம் காய்ச்சி வடித்த பாலிமர்,
குப்பியில் முந்நூறு மில்லிகிராம்.
ராத்திரி முழுக்கச் சூட்டில் கலக்கினால்
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
ஒரு சொட்டு. இரண்டாயிரம் சுற்று.
நாற்பது நொடியில் கண்ணாடித் துண்டின்மேல்
தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில்
ஒரு தோல்.
அதன்மேல் வெள்ளியை ஆவியாக்கிப் படியவிட்டு
சூரியனுக்குக் கீழே வைத்தேன்.

வளைகோடு வயிறு புடைத்து நிற்க வேண்டும்.
என்னுடையது துணி காயும் கயிறாகத் தொய்ந்தது.
இரண்டு புள்ளி ஒன்று.
ஒன்று புள்ளி எட்டு.
பூஜ்யம் புள்ளி ஒன்பது.
திங்கள்கிழமைக் கூட்டத்தில்
ஏழாவது ஸ்லைடில் எழுதியிருந்தேன்:
பொருளில் கோளாறு.
ஹிடாயா கண்ணாடியைக் கழற்றி
துடோங் நுனியில் வெகுநேரம் துடைத்தாள்.
பிறகு பாலிமரைத் திரும்பக் கழுவினாள்,
இரண்டு வாரம்.
கழுவியதும் என் பெட்டிக்குள் வந்துதான் செத்தது.

வியாழக்கிழமை சியூ பெங் வந்தார்,
பெட்டிகளைப் பராமரிப்பவர்,
ஒரு கையில் கோப்பி ஓ கோசோங்
மறு கையில் சோப்புத் தண்ணீர்.
கையுறையை விரல் விரலாகத் தடவிக்கொண்டே போனார்.
வலது கை.
நாலாவது விரலின் அடியில்
குட்டிக் குட்டியாய்க் குமிழ்கள்.
குனிந்து பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.
"ஓ" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பியை ஒரு மடக்குக் குடித்தார்.

சிராங்கூன் சாலையில் பேரம் பேசாமல் வாங்கியது.
வைரமில்லை. சும்மா ஒரு வெள்ளைக் கல்,
அதைப் பிடித்துக்கொள்ள நான்கு கொக்கி.
மோதிரம் போடக் கூடாதென்று கதவிலேயே ஒட்டியிருக்கும்.
ஒட்டியதும் நான்தான்.

மின்தூக்கியில் போகவில்லை.
படியிறங்கும்போது வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்தேன்:
துளை இருந்திருக்கிறது,
துளை விழுந்துவிட்டது,
கையுறை பழையது.
மூன்றிலும் நான் இல்லை.
வாசலில் நின்று மோதிரத்தைக் கழற்றி
அவள் மேசைமேல் வைத்தேன்.
அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.
சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
"ஏழாவது ஸ்லைடை நீயே திருத்து.
எல்லாருக்கும் அனுப்பு" என்றாள்.
இழுப்பறையைத் திறந்து ஒரு குப்பியை நீட்டினாள்.
அடியில் ஒட்டிக்கொண்டு நாற்பது மில்லிகிராம்.
"இவ்வளவுதான் மிச்சம்."

சனிக்கிழமை. புதுக் கையுறையில் டயர் வாடை.
விரலில் வெயில் படாத ஒரு வளையம்.
ஆறு துண்டுகள் செய்தேன்.
ஒன்று கை நழுவியது,
ஒன்றில் மின்முனைகள் ஒட்டிக்கொண்டன.
ஐந்தாவதை ஏற்றியபோது
கோடு மேலே போய்
இறங்க மனமில்லாமல் நின்றது.
பதினொன்று புள்ளி மூன்று.
திரையைப் படம் பிடித்து அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.
பதில் இல்லை.

மணியின் வாயைத் திறந்துவிட்டிருக்கிறேன்.
சின்னச் சின்னதற்கெல்லாம் அடிக்கிறது.
பக்கத்து மேசைக்காரன் முறைக்கிறான்.
அடிக்கட்டும்.