பல்லன்

அதற்கு மூன்று கால்.
நாலாவதுக்குக் காசு போதவில்லை என்பார்கள்.
நடந்து போய்விடக் கூடாதென்று
வேண்டுமென்றே செய்தது என்பான் என் மகன்.
முதுகில் ஏணி, வயிற்றில் நுழைந்து வர ஓட்டை,
சறுக்கு மரம்தான் நாக்கு.
சில்லோடு உதிர்ந்த இடங்களில் நகரமன்றம்
வேறொரு பச்சையைப் பூசிவிட்டது:
பாசிமேல் பாகற்காய்.
இடது கோரைப்பல் இல்லை.

புதிதாகக் குடிவந்தவர்கள் டைனோசர் என்பார்கள்.
நாங்கள் திருத்துவதில்லை, தானாகத் தெரிந்துகொள்வார்கள்.
மலாய்ப் பிள்ளைகளுக்கு அது ஹந்து கிகி, பல்லுப் பேய்.
ஏழாம் மாடி டெல்ஃபினுக்குக் கெவின்.
ஏன் கெவின் என்றால்
"முகத்தைப் பாருங்களேன்" என்பாள்.
எங்கள் வீட்டில் பல்லன்.

ஈசூனின் இந்த மூலையில்
நாலு புளோக்கும் ஒரே தட்டில் வெந்த இட்லி.
எண்ணைச் சொன்னால் டாக்சிக்காரர் சுற்றுவார்,
"நாக்குக்கு நேரே நிறுத்துங்க" என்றால் நிறுத்துவார்.
கீழ்த்தளத்தில் நடந்த ஸுல்கிஃப்லி மகள் கல்யாணத்துக்கு
அழைப்பிதழ் வரைபடத்தில்
பள்ளிவாசல் இல்லை, எம்ஆர்டி இல்லை,
மூன்று காலோடு இதுதான் நின்றது.

குவெக் ஒருவர்தான் எதிரி.
இரண்டாம் மாடி. வாய்க்கு நேர் சன்னல்.
ராத்திரி பகல் வாயைப் பிளந்துகொண்டு
ஒன்று வீட்டையே பார்த்திருந்தால்
காசு எப்படித் தங்கும்?
எண்கோணக் கண்ணாடி ஒன்றை அதற்கெதிரே மாட்டினார்.
நாலு நம்பர் கைவிட்ட வாரமெல்லாம்
நகரமன்றத்துக்குக் கடிதம்.
நகரமன்றம் ஒவ்வொரு முறையும்
அவருக்கு நன்றி சொன்னது.

அது ஒரு புதன்கிழமை.
பேக்கரியில் இரவு வேலை முடிந்து
தலைமுடியில் மாவோடு வருகிறேன், மணி நாலரை.
மின்தூக்கி பழுது. படியேறினேன்.
இரண்டாம் மாடியில் யாரோ குழாயை மூடவில்லை.
கம்பிக் கதவுக்கு உள்ளே அவர்,
குப்புற,
ஒரு காலில் மட்டும் செருப்பு.

995.
"முகவரி?" என்றது ஆங்கிலம்.
பதினோரு வருசமாய்க் குடியிருக்கிறேன்.
தெருப் பேர் வந்தது. மாடி வந்தது.
புளோக் எண் வரவில்லை.
"மேடம், புளோக் எண்?"
என் ஆங்கிலம் அந்த இடத்தில் கையை விரித்தது.
"பூதம்ங்க... நாக்க நீட்டிக்கிட்டு...
மூணு காலு..."

விசைப்பலகைச் சத்தம் நின்றது.
குடித்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள்,
நானாயிருந்தால் நினைத்திருப்பேன்.
பிறகு அந்தப் பெண்
அலுவலகக் குரலைக் கீழே இறக்கிவைத்துவிட்டு
தமிழில் கேட்டாள்:
"எடது பல்லு இருக்காதே?"
"இல்ல."
"எங்கண்ணன் ஒடைச்சது. சைக்கிள்ல மோதி."
மறுபடி விசைகள்.
"வண்டி கெளம்பிருச்சு. அவர நகத்தாதீங்க.
பேசிக்கிட்டே இருங்க."

என்ன பேசுவது குவெக்கோடு?
அன்று சுட்ட ரொட்டிகளை ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
தேங்காய் பன்னுக்கு வந்தபோது
கீழே சிவப்பு வெளிச்சம் நாக்கில் ஏறி
வாய்க்குள் போய்ச் சுற்றியது.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பினார்.
இடது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.
ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு என் மகன்
"அங்கிளுக்கும் மூணு" என்றான்.
நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

கண்ணாடி அதே சன்னலில்தான் தொங்குகிறது.
வலது கையும் நடுங்குவதால்
இந்த மாதக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல
நான் எழுதினேன்:

என் சன்னலுக்கு எதிரே உள்ள அசிங்கமான பொருள்
இரவில் சரியாகத் தெரிவதில்லை.
வாய்க்குள் ஒரு விளக்குப் போடவும்.

அசிங்கமான என்பதை எடுத்துவிடலாமா என்றேன்.
யோசித்தார்.
வேண்டாம் என்றார்,
அப்போதுதான் எதைச் சொல்கிறேனென்று
அவர்களுக்குப் புரியும்.