இரண்டு பெட்டி

பிறேமலோஜினி சொல்லச் சொல்ல அடித்தேன்.
"அப்பா செத்தாப்பிறகு நான்
அண்ணையின்ரை நிழலிலைதான் வளர்ந்தனான்."
கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி,
பக்கத்துக்கு முந்நூறு ரூபா, பிரதிக்கு இருபது.
நிழலுக்கு ஷடோ என்று போட்டேன்.
கணினி சிவப்புக் கோடு இழுக்கவில்லை.
எழுத்துப் பிழைக்குத்தான் அதற்குக் கோபம் வரும்.

ஏழு கிழமையில் தூதரகத்திலிருந்து ஒரு கேள்வி:
சகோதரரால் ஒதுக்கப்பட்டு வளர்ந்ததாகச் சொல்லும் நீங்கள்
இப்போது அவரோடு போய் வாழ விரும்புவது ஏன்?

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு
ஃபானுக்கு நேரே கதிரையை இழுத்து இருந்தாள்.
கோபம் இல்லை.
"நிழலிலை என்ன பிழை?"

அவர்களிடம் அதற்கு இரண்டு பெட்டி, என்றேன்.
வெயிலை மறித்து உடம்பு ஆறத் தருவது ஷேட்.
அதில் படுக்கலாம், சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடலாம்.
ஷடோ என்பது உருவம்,
நிலத்தில் விழும், காலைப் பிடித்துக்கொண்டு கூட வரும்.
ஓர் ஆளின் ஷடோவில் இருப்பதென்றால்
அவர் பெரிதாய்த் தெரியத் தெரிய
நீ தெரியாமற் போவது.
வேம்புக்கு முதலாவது.
பனைக்கு, அநேகமாய், இரண்டாவதுதான்.

"சேட்டோ?" என்றாள்.
"அண்ணையின்ரை சேட்டும் போட்டுத்தான் வளர்ந்தனான்.
முழங்காலுக்குக் கீழை தொங்கும்."

சிரித்து முடிய, ஷேட் என்று மாற்றிப் பார்த்தேன்.
சரிவரவில்லை.
அந்த மொழியில் மரத்துக்கு அது உண்டு,
மதிலுக்கு உண்டு, தறப்பாளுக்கும் உண்டு
(தறப்பாள் மூன்றாம் பந்தியில் வருகிறது,
செட்டிகுளம், பதினான்கு மாதம்).
அண்ணனுக்கு இல்லை.
மனிசருக்கு அவர்கள் ஷடோ மட்டுந்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வளர்த்தார், படிப்பித்தார், பார்த்துக்கொண்டார்
என்று மூன்று வினை போட்டு வாசித்துக் காட்டினேன்.
கொஞ்சநேரம் யோசித்தாள்.
"எல்லாம் உண்மைதான். ஆனால் உது
மாமா ஆக்களும் செய்தவை."
பிறகு, "பரவாயில்லை, அவைக்கு விளங்கினாற் காணும்."
காசை நீட்டினாள். நான் வாங்கவில்லை.
பிழை என்னுடையது.

மூன்றரை மணி, ஆஸ்பத்திரி வீதி.
பஸ் தரிப்பிடத்தின் கூரையைக் கழற்றி ஒரு மாதம்.
லைட் கம்பத்தின் நிழல் ஒரு முழ அகலம்,
அதற்குள் ஆறு பேர் ஒருவர் பின்னால் ஒருவர்,
கூப்பன் கடை வரிசைபோல,
கம்பம் நகர்த்த நகர்த்த நகர்ந்துகொண்டு.
ஏழாவது ஆள் நான். கம்பம் எனக்கு எட்டவில்லை.
முன்னால் நின்றவர் எட்டியது.
யாரென்று தெரியாது. கையில் உரப்பை, வெங்காய மணம்,
என்னைவிட அரையடி உயரம்.

கொடிகாமம் பஸ்ஸோ என்று பார்க்க
அவர் ஒரு அடி விலக, வெயில் என் கண்ணில் அடித்தது.
கையால் மறைத்தேன்.
திரும்பிப் பார்த்தார்.
பையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு
பழைய இடத்துக்கே வந்து நின்றார்.