பால் கவர் முனை

தில்லைநாயகியின் இடது தோட்டுத் திருகாணி
வெள்ளிக்கிழமை காலை தொலைந்தது.
நைட் டூட்டி முடிந்து வந்தவள்
கழற்றி வைத்தது அடுப்பு மேடையில்.
மேடையில் இருந்ததையெல்லாம் ஒரே வழியாக வழித்து
வாளியில் போட்டவன் நான்.
அதற்குள் வண்டி வந்து போயிருந்தது.

கெடிலம் பாலத்துக்கு இந்தப் பக்கம்
நகராட்சி உரக் கொட்டகை.
புதுப்பாளையத்தில் குடியேறிய ஒன்பது வருடமும்
மூச்சை அடக்கிக்கொண்டு கடந்த இடம்.
உள்ளே போனால் நாற்றம் அவ்வளவில்லை.
புளித்த மாவு பாதி,
நனைந்த மண் பாதி.

சல்லடையும் கையுமாகப் பூங்காவனம்.
(இந்தப் பக்கத்தில் அது சாதாரணப் பெயர்,
யாரும் சிரிப்பதில்லை.)
"எந்தத் தெரு?"
சொன்னேன்.
"மாடிப்படிக்குக் கீழ வாளி வைக்கிற வீடா?
போன மாசம் வெறும் கஞ்சியும்
எலுமிச்சந் தோலுமா வந்துச்சே,
யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

என் அண்ணனுக்குக்கூடத் தெரியாத காய்ச்சல் அது.

ஒற்றைக் கையுறை தந்தார்.
இன்னொன்றில் ஓட்டையாம்.
எங்கள் தெருவின் தொட்டியைக் கிளறினேன்:
மென்று துப்பிய முருங்கைச் சக்கை,
சங்கராவின் செவுள்,
தேயிலைக்குள் ஒட்டிக்கொண்ட ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
பக்கத்தில் சல்லடை ஆடிக்கொண்டிருந்தது.
கீழே காப்பித்தூள் மாதிரி உரம் இறங்க
மேலே தங்கியதில் ஏதோ மினுங்கியது.
பாய்ந்து எடுத்தேன்.
மூன்று முறை எடுத்தேன்.
மூன்று முறையும்
நகத்தளவு முக்கோணம்.
நீலம், பச்சை, ஆரஞ்சு.
பால் கவரின் முனை.

"கவரைக் கழுவி வெச்சா எடைக்குக் காசு உண்டு சார்.
இது விரலிடுக்குல போயிடும்.
மக்காது. ஒண்ணொண்ணா நகத்தால பொறுக்கணும்."
குற்றம் சொல்லவில்லை.
வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டேன்.
நாளைக்கு இரண்டு கவர், ஒன்பது வருடம்.
ஆறாயிரத்து ஐநூற்று எழுபது முறை கத்தரித்து
ஈர விரலிலிருந்து உதறியிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் அது
ஒன்றுமில்லை என்கிற அளவில்தான் இருந்தது.

இப்போது கத்தரிக்கோலைப் பாதியில் நிறுத்துகிறேன்.
கவரோடு ஒட்டித் தொங்குகிறது முனை,
கன்றுக்குட்டியின் காது போல.
அந்தக் கை பழகியதில்
வேறு சிலதும் தொற்றிக்கொண்டன.
தூக்குச் சட்டியோடு பரோட்டாக் கடையில் நின்ற அன்று
"வீட்ல விசேஷமா?" என்றார் மாஸ்டர்,
சால்னா ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.
மீன் விற்கிற அம்மா டப்பாவை மோந்து பார்த்து
"நேத்து ஊறுகாயா?" என்றாள்.

ஷாம்பு பாக்கெட்டை மட்டும்
இன்னும் பல்லால்தான் கிழிக்கிறேன்.
துப்பிய துண்டு எங்கே விழுந்ததென்று
நுரை எரியும் கண்ணோடு
தரையில் தடவுவது புதுசு.

திருகாணி கிடைக்கவில்லை.
துடைப்பக் குச்சியை ஒடித்துக் காதில் சொருகிக்கொண்டு
இரண்டு வாரம் டூட்டிக்குப் போனாள் தில்லைநாயகி.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
பிறகு லாரன்ஸ் ரோட்டில் ஒன்று வாங்கினோம்,
வலது காதோடு சேராத, கொஞ்சம் வெளிறிய மஞ்சளில்.

மார்கழியில் பூங்காவனம் தந்த இரண்டு கிலோ உரத்தைக்
கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினேன்.
தண்ணீர் ஊற்ற ஊற்ற
மேலே வந்தது நீலமாக ஒன்று,
சல்லடைக்கும் அவர் நகத்துக்கும் தப்பியது.
யார் வீட்டுக் காலை என்று
அதில் எழுதியிருக்கவில்லை.
கழுவி,
அன்றைய கவருக்குள் போட்டு
மடித்து வைத்தேன்.

இன்னும்
ஆறாயிரத்து ஐநூற்று அறுபத்தொன்பது.