ஆறு திருகுகள்

டுபியூக் நகரில், லோவெல் வீட்டு மாடிப்படி
திரும்பும் இடத்தில் சிக்கிக்கொண்டது அது.
தானே வாசிக்கும் பியானோ;
தானே ஏறத் தெரியாது.
நால்வர் தூக்கினோம். பர்டெட்டின் கால்விரல் நசுங்கியது.
"நாளைக்குப் பார்ப்போம்" என்றான் லோவெல்.
அந்த நாளை வருவதற்குள்
மூன்று பனிக்காலம்.

துவைத்த துணிக்கூடையோடு
பக்கவாட்டில் நுழைந்துபோகப் பழகிவிட்டாள் வெர்னா.
வியாழன்தோறும் வந்தோம்,
அளவுநாடாவும் பியருமாக.
அளப்போம். உதடு பிதுக்குவோம்.
பிறகு ஒருவன் படியில் உட்கார்ந்து மிதிப்பான்.
துருத்தி இருமும். காகிதச் சுருள் நகரும்.
ஓட்டைகளுக்குள் காற்று புகுந்து புறப்பட
இல்லாத விரல்கள் கட்டைகளை அழுத்தும்.

ஒரு சுருளில் எலி கடித்த இடம் உண்டு.
அங்கே சம்பந்தமில்லாமல் ஒரு கட்டை கத்தும்.
அதற்கென்றே காத்திருந்து
நாங்களும் கத்துவோம், சரியாக அதே நொடியில்.
மேலே குளியலறையிலிருந்து வெர்னாவும்.

இந்த மார்ச்சில் லோவெலுக்கு முழங்கால் அறுவை.
வீட்டைப் பார்க்க வந்த செவிலிப் பெண்
படியில் ஒரு நிமிடம் நின்றாள்.
"கைப்பிடியைக் கழற்றினால் போகுமே,
ஆறு திருகுதானே?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஆன்செல்ம் இருமினான், துருத்தியைப் போலவே.
பர்டெட் சட்டைப்பையிலிருந்து
ஒரு திருப்புளியை எடுத்தான்.
அளவெடுத்து வாங்கியது போலப் பொருந்தியது.
கைப்பிடி அதன் நுனியில்
மூன்று வருடத் தேய்மானம்.
என்னுடையது காரில் இருந்தது; சொல்லவில்லை.

ஐந்தாவது திருகில் வெர்னா கேட்டாள்:
"மேலேயா, கீழேயா?"

அதை மட்டும் நாங்கள்
அளந்திருக்கவில்லை.