பதினெட்டுப் பாகம்

சுக்கானைக் கட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றலாம்,
ஒரு சொட்டுச் சிந்தாது.
அப்படி நேராய் ஓட
இந்த வள்ளத்தைப் பழக்கியவன் நான்.

புறப்படுமுன் ஐஸ் கடை றபாய்தீனிடம்
போகிற பக்கமும் வருகிற நேரமும் சொல்வேன்:
"அசர் பாங்குக்குள்ள வரேல்லையெண்டால்
நேவிக்கு அடி."
போனுக்கு இரண்டு பொலித்தீன் பை.
இடுப்புக்கும் பாய்மரத்துக்கும் மூன்று முழக் கயிறு.
நாலு முழமென்றால்
தண்ணீருக்குள் விழலாம்.

அன்று கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளியது.
கொட்டியாரக் குடா தகரம் போலத் தட்டை.
கயிறு தொடையை அறுத்தது.
அவிழ்த்தேன், ஒண்ணுக்கு இருக்கத்தான்.
எங்கோ ஒரு கப்பல் போன மிச்சம்,
ஒரேயொரு அலை.

தலை மேலே வந்தபோது
வள்ளம் போய்க்கொண்டிருந்தது
கோபமில்லாமல், அவசரமில்லாமல்,
நான் பழக்கியபடி,
நேராக.

கத்தினேன்.
யாரிடம் என்று பாதியில் யோசனை வந்தது.

கடையாலில் இழுபட விட்ட கயிறு பதினெட்டுப் பாகம்,
நுனியில் மஞ்சள் எண்ணெய்க் கான்.
ஓட்டத்தைத் தின்னுதென்று
போன கிழமை வெட்டப் பார்த்தேன்.
கத்தி மொட்டையாயிருந்தது.

கான் என் காதைத் தாண்டியது.
அதற்குப் பிறகு
கடல் முழுவதும் கயிறாயிருந்தது,
உள்ளங்கையளவு கயிறு.

கரையில் றபாய்தீன்
முழங்கால் தண்ணீரில், போன் காதோடு.
"பாங்கு சொல்லி ஏழு நிமிசம்."
"காத்து விழுந்திட்டுது" என்றேன்
கைகளை விரிக்காமல்.
நனைந்த தலைமுடியைப் பார்த்தான்.
பிறகு
யாருக்கோ சிங்களத்தில்
ஆள் வந்திட்டுதென்று சொன்னான்.