காத்திருப்புக் கட்டணம்

பாளையங்கோட்டை மகாராஜா நகரிலிருந்து
கொல்லம் வரை டிராப், ஒரு வழி.
போனில் பேசியது அவ்வளவுதான்.
காலை ஐந்தரைக்குப் போய் நின்றால்
மூன்று பெட்டி, ஒரு கிரைண்டர்,
பிளாஸ்டிக் கூடைக்குள் ஒரு பூனை,
பூனைக்குப் பின்னால் ஹெப்சிபா மேடம்.

வங்கியில் மாற்றலாம்.
"ஆறு வருசம் இங்கதான் இருந்தேன் அண்ணாச்சி,
முண்டந்துறைக் காட்ட ஒருநாள் பாக்கல.
போற வழிதானே?"

போற வழி இல்லை.
அம்பையில் தென்காசி ரோட்டை விட்டு ஒடிக்கணும்.
டீசல் கணக்கு வேறு, நேரக் கணக்கு வேறு.
சரி என்றேன்.
வண்டிக் கடனில் இன்னும் பதினொரு தவணை.

சேரன்மகாதேவி தாண்டி வயலெல்லாம் கொக்கு.
கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க நிறுத்தினோம்,
கடை திறக்கவில்லை.
பூனை ஒருதரம் வாந்தி எடுத்தது.
அதன் பெயர் திவான் என்று
அப்போதுதான் சொன்னார்.

பாபநாசம் சோதனைச் சாவடி.
தண்ணீர் பாட்டிலை எண்ணினார்கள்,
டிக்கியைத் திறந்தார்கள்,
கிரைண்டரைத் தட்டிப் பார்த்தார்கள்.
கூடைக்குள் டார்ச் அடித்த காவலர்
இரண்டடி பின்வாங்கிச் சட்டம் சொன்னார்:
வளர்ப்புப் பிராணி உள்ளே போகக்கூடாது.

புலிகள் காப்பகத்தில்
பூனைக்கு இடமில்லை.
மேடம் சிரித்துவிட்டார்.
காவலர் சிரிக்கவில்லை.
"இதுக்கு இருக்க சீக்கு அதுக்கு வந்திரும்மா."

பின்னாலேயே காரையார் பஸ் வந்து நின்றது.
என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.
"ரெண்டு மணி நேரம், வந்திருவேன்."
ஏசி கார் பேசி எடுத்தவர்
கவர்மெண்ட் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து
நின்றுகொண்டே மலையேறினார்.

பதினெட்டு வருசமாக இந்த வாசலில்
ஆட்களை இறக்கி ஏற்றுகிறேன்.
போய் வந்தவர்கள் மிளா என்பார்கள், கருமந்தி என்பார்கள்.
நான் பார்த்த புலி
பலகையில் வரைந்தது.
அதற்கும் ஒரு கண்ணில் பெயிண்ட் உரிந்திருக்கும்.

கூடையைத் திறந்து
முன் சீட்டில் விட்டேன்.
டீக்கடைப் பாலை டப்பா மூடியில் ஊற்றினேன்.
பத்து மணி இருக்கும்,
காற்று மலையிலிருந்து திரும்பியது.

திவான் குடிப்பதை நிறுத்தினான்.
ஒரு காது திரும்பியது, பிறகு மற்றது.
முதுகு வில்லாகி
வால் பாட்டில் கழுவும் பிரஷ் ஆனது.
மேலே சரிவையே பார்த்தான்.
நானும் பார்த்தேன்:
பாறை, புதர், மின்கம்பி கோபுரம்.
எங்கேயோ ஒரு மிளா,
கார் கதவை அறைந்து சாத்தியதுபோல்
ஒரே ஒருதரம் கத்தியது.
கூரையில் சண்டையிட்ட மந்திகள்
வாயை மூடிக்கொண்டன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
என் கையிலும் முடி நின்றது.
அப்புறம் அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
மீதிப் பாலைக் குடித்தான்.

மேடம் வர ஒரு மணி நேரம் தாமதம்.
செருப்பு நனைந்திருந்தது.
"ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி.
நாலு மிளா, ஒரு அணை.
திவான் எப்படி இருந்தான்?"
"பால் குடிச்சான்" என்றேன்.

கடையம், தென்காசி, செங்கோட்டை.
இரண்டு பேரும் தூங்கினார்கள்.
ஆரியங்காவு வளைவுகளில்
பூனை மட்டும் தூக்கத்தில் உறுமியது.

கொல்லத்தில் மூன்றாம் மாடிவரை
கிரைண்டரை நான்தான் தூக்கினேன்.
பில்லில் காத்திருப்பு இரண்டு மணி என்று எழுதினேன்.
"மூணு மணி நேரம் ஆச்சே,
கணக்கு தப்பு அண்ணாச்சி."
வங்கிக்காரர், விடமாட்டார்.
அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
வாங்கிக்கொண்டேன்.

திரும்புகையில் இரவு, புளியரைச் சாவடி.
"உள்ள என்ன?"
"ஒண்ணுமில்ல சார், ரிட்டன்."
டார்ச் வெளிச்சம் முன் சீட்டைத் தடவிப் போனது.
அங்கே நாலைந்து முடி
ஏசிக் காற்றில்
எழுந்து நின்றுகொண்டிருந்தன.